மரத்தடியில் நிற்காதவள்

பத்தாம் வகுப்பில் மற்ற பெண்கள் கணக்குக்குப் பயந்தார்கள். நான் பி.டி.க்குப் பயந்தேன். கணக்கில் தெரியாததைப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதிவிடலாம். ஓட்டத்தில் அது நடக்காது, பக்கத்தில் இருப்பவள் முன்னால் போய்விடுவாள். போதாக்குறைக்கு அந்த வருடம் எங்கள் பள்ளியில் பி.டி.க்கும் மார்க் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டம், ஸ்கிப்பிங், த்ரோபால், அதற்கு மேல் ஒரு எழுத்துத் தேர்வு. த்ரோபால் கோர்ட்டின் நீள அகலம், சுளுக்குக்கு முதலுதவி, உடற்கல்வியின் நோக்கங்கள் என்று மனப்பாடம் செய்தோம். நோக்கங்களை உட்கார்ந்தபடி ஒப்பிக்கச் சொன்னால் நான் பிரமாதமாக ஒப்பிப்பேன்.

பெங்களூரில், அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் பள்ளி அது. பி.டி. மிஸ் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். நெடுநெடுவென்று இருப்பார், கழுத்தில் தாலிச் சங்கிலியும் விசிலும் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு தொங்கும். பத்தாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வதுதான் எல்லாப் பள்ளியிலும் வழக்கம். எங்கள் மிஸ்ஸிடம் அது பலிக்காது. வாத்தியார் சாக்பீஸோடு வருவது தெரிந்ததும் வகுப்பு வாசலில் நின்று விசிலை ஊதிவிடுவார். அப்புறம் மைதானத்தில் "சாவதான்! விஷ்ராம்!" என்று டிரில்லுக்கு அவர் போடுகிற சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும்.

மைதானத்து ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. மாதத்தில் அந்த மூன்று நாள் முடியாதவர்கள் அதன் அடியில் போய் நிற்கலாம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், மிஸ்ஸும் கேட்கமாட்டார். ஒரு தரம் அந்தப் பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் எந்தப் பெண் எப்போது மரத்தடிக்குப் போனாள் என்பது அவருக்கு மனப்பாடம். நான் ஒரே மாதத்தில் இரண்டாம் தடவை போய் நின்றபோது, "ஏனே, நினகெ திங்களிகெ எரடு சலனா?" என்று, மாதம் இரண்டு தடவையா உனக்கு என்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பக்கத்து ஆண்கள் பள்ளியின் சுவருக்கு மேல் இரண்டு தலைகள் முளைத்தன. அதற்குப் பிறகு ஒழுங்காக மாதம் ஒரு தடவைதான் போனேன்.

வகுப்பில் அந்த மரத்தடிக்கு ஒரு நாளும் போகாதவள் ஒருத்திதான். அவள் என் பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதமே பெரியவள், இருவரும் ஒரே வகுப்பு. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பெரியப்பா முறைப்பார். ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டின் முன்பாதியில் நாங்களும் பின்பாதியில் அவர்களும் இருந்தோம். குழாயும் குளியலறையும் பொது. அந்த வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். பின்பாதியில் குழம்பு தீய்ந்தால், அது ஆறுவதற்குள் முன்தெரு வரை செய்தி போய்விடும், போனது என் மூலமாகத்தான் இருக்கும்.

அக்காவைப் பற்றி வீட்டுக்கே ஒரு குறை இருந்தது. அவள் இன்னும் பெரியவளாகவில்லை. எனக்கு எட்டாவதிலேயே சடங்கு செய்துவிட்டார்கள். பட்டுப் பாவாடையும் தாவணியும் கட்டி என்னை நாற்காலியில் உட்காரவைத்தபோது, அக்கா சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு வந்தாள். வந்திருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? "சின்னது உக்காந்துடுச்சு, பெருசுக்கு இன்னா கேடு?" என்று பெரியம்மாவிடமே கேட்டார்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை நீட்டினாள். எனக்கு அன்றைக்கு ஏகப்பட்ட பெருமை. பிறந்ததிலிருந்து எல்லாவற்றிலும் அக்காவுக்குப் பின்னால் இருந்தவள் ஒன்றிலாவது முந்திவிட்டேன் அல்லவா?

இந்தக் குறை எப்போது தீரும் என்று ரொம்பவும் காத்துக்கொண்டிருந்தவர் மாமா. பெரியம்மாவின் கூடப்பிறந்த தம்பி, ஆம்பூரில் தோல் வியாபாரம். அவருடைய மனைவி ஸ்டவ் வெடித்து இறந்துபோனாள். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிள்ளை கிடையாது. சாவுக்குப் போன பெரியப்பா, முறைப்பெண் வீட்டில் இருக்கும்போது வெளியே எதற்குத் தேடவேண்டும் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா பெரியவளாகட்டும், ஆனதும் முதல் முகூர்த்தத்தில் முடித்துவிடலாம், அதுவரை பள்ளிக்கூடம் போகட்டும். இதுதான் பேச்சு. அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அவள் படிப்பு அந்த ஒரு சங்கதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆற்காட்டு மக்கன் பேடாவோடு வருவார். நல்ல சிவப்பு, எப்போதும் சலவைச் சட்டை. எங்களைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாக்கா, இன்னும் இல்லியா?" என்று பெரியம்மாவைக் கேட்பார். கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்பது போல இருக்கும். பெரியம்மா, "எங்கடா, அதுக்கு உடம்பே தேறல" என்பாள். அவர் வந்து தங்கும் நாட்களில் பெரியம்மா ஸ்டவ்வைப் பற்றவைக்கமாட்டாள், வெந்நீர்கூட விறகில்தான் வைப்பாள். புகையில் கண் எரிந்து நாங்கள் திட்டுவோம். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான் இதைக் கேட்கவில்லை பாருங்கள்.

பெரியவளாகாத பெண்தானே என்று வீட்டின் எல்லாச் சுத்தமான வேலையும் அக்காவுக்கு வரும். வெள்ளிக்கிழமை விளக்கு, ஆடி மாதத்தில் அம்மனுக்கு மாவிளக்கு எல்லாம் அவள்தான். ஓர் ஆடியில், அக்கா மாவிளக்கைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தபோது, பெரியம்மா தூணுக்குப் பின்னால் நின்று இரண்டு கன்னத்திலும் பளார் பளார் என்று போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான், ஆனால் இது வலிக்கிற அடி. "ஏன் பெரிம்மா?" என்றேன். "கொசுடி" என்றாள். நான் கொசுவைத் தேடினேன்.

பத்தாம் வகுப்பில்தான் அக்கா ஓட்டக்காரி என்று தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் ஒரு சாதாரணப் பெண், வரிசையில் எங்கேயோ நிற்பாள். அந்த வருடம் மிஸ் மார்க்குக்காக எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டபோது, அக்கா முதல் சுற்றிலேயே எங்களையெல்லாம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அரைச்சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவள் ஒரு சுற்று முடித்து என் பின்னால் வந்து, என்னையும் தாண்டிப் போவாள். மிஸ் விசிலை மறந்து கையைத் தட்டினார். "ஓடம்மா, ஓடு! நில்லபேடா, நிக்காதே!" என்று கூடவே புல்லில் ஓடினார். சேலை முந்தானை பறந்தது. அப்புறம் எங்களைப் பார்த்து, "இவளும் நீங்க துன்ற அரிசியத்தானே துன்றா?" என்றார்.

அதிலும் ஒரு விசேஷம் இருந்தது. சில நாள் அக்கா நன்றாக ஓடுவாள், சில நாள் பேய் பிடித்தது போல ஓடுவாள். அப்படி ஓடிய ஒரு நாள், ஓட்டம் முடிந்ததும் ஆளைக் காணவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தலைப் பின்னலின் ரிப்பனைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "இன்னாக்கா ஆச்சு?" என்றேன். "பசிடி" என்றாள். என்னிடம் அரை பன் இருந்தது, கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிரத் தின்னவில்லை. அதைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதனும் சனியும் வெள்ளைச் சீருடை. வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, சாக்பீஸ் தேய்த்த கேன்வாஸ் ஷூ. அந்த நாட்களில் சிலசமயம் அக்கா தெருமுனை தாண்டியதுமே, "நீ முன்னாடி நட" என்பாள். சேர்ந்து பேசிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்கும், பேசாமல் போனால் எனக்கு வழியே நகராது. "ஏன், நான் கூட வந்தா உனக்குக் கேவலமா?" என்று சண்டைக்குப் போவேன். "நடன்னா நடடி" என்பாள். ஓடத் தெரிந்துவிட்டதும் திமிரும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் பி.டி. எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். புத்தகத்தில் பெண்களின் உடல் வளர்ச்சி பற்றி ஒரு பாடம் உண்டு. மிஸ் அதை வகுப்பில் நடத்தவில்லை, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, அந்த நாள்ல ஓடினா இன்னா ஆவும்?"

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற சந்தோஷத்தில் காலை மடித்து நேராக உட்கார்ந்தேன். "கர்ப்பப்பை எறங்கிடும். அப்புறம் குழந்தையே பொறக்காதாம். அம்மா சொல்லியிருக்குது" என்றேன். அம்மா சொன்னது பாரம் தூக்கக்கூடாது என்று மட்டும்தான். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அக்கா புத்தகத்தை மூடிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மிஸ்ஸுக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவு ஆசை. பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த போட்டிக்குக் கூட்டிப்போனார், கப் வாங்கி வந்தாள். பத்தாவது முடித்ததும் விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடுகிறேன், அங்கேயே தங்கிப் பி.யு.சி. படிக்கலாம், சாப்பாடு துணி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அக்கா இதை வீட்டில் பெரியம்மாவிடம் மட்டும் சொன்னாள். பெரியம்மா அன்றைக்குக் கேசரி செய்தாள். எதற்குக் கேசரி என்று பெரியப்பா கேட்டதற்கு, ரவை வண்டு பிடித்துவிடும் போல இருந்தது, அதனால் கிண்டினேன் என்றாள். இன்னும் சில மாதம். பரீட்சை எழுதி, பாஸாகி, பெட்டியோடு அந்த விடுதி வாசலைத் தாண்டிவிட்டால் போதும் என்று தாயும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு நெய் கம்மி என்பதுதான் அன்றைய குறை.

பொங்கல் விடுமுறையில் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து, சர்க்கரை அச்சோடு, தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் கொடுப்பது அவர்கள் வழக்கம். கொடுக்கும்போது நல்ல வார்த்தை பேசவேண்டும். மிஸ் புதுச் சேலையில், விசில் இல்லாத கழுத்தோடு வந்திருந்தார். பெரியப்பாவும் மாமாவும் கூடத்தில் இருந்தார்கள். மிஸ் அக்காவைப் பற்றி நல்ல வார்த்தைகளாகவே பேசினார். விடுதியைப் பற்றிச் சொன்னபோது பெரியப்பா மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமா, "படிக்கட்டுமே, எனக்கு சந்தோசம்தான்" என்றார்.

பிறகு மிஸ் பெரியம்மாவைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டார். நான் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், நான் ஒரு பொருட்டில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பொண்ணு இன்னும் ஆகலை போல இருக்கு. நான் வருஷம் பூரா பாக்கறேன், ஒரு நாள்கூட மரத்தடில நின்னதில்லை. ஓடற பொண்ணுங்களுக்கு லேட் ஆகும், நிஜம்தான். ஆனா பதினாறு ஆகப்போகுது. ஒரு லேடி டாக்டர்கிட்ட தோரிசிடுங்க, காட்டிடுங்க. ஹாஸ்டல்ல சேக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டா எனக்கும் நிம்மதி."

பெரியம்மாவின் கை ஈரமாக இருந்தது. அந்தக் கையாலேயே மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆவட்டும் மிஸ். நான் பாத்துக்கறேன். நீங்க யாருகிட்டயும் சொல்லவேணாம் மிஸ்" என்றாள். மிஸ் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். தாய்மார்கள் வெட்கத்தில் இப்படித்தான் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று பல வருடம் பார்த்தவர். அதனால் கிளம்பும்போது வாசலில் நின்று, பெரியப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். உறுதியாக, மரியாதையாக, அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்ற ஒரே நினைப்போடு சொன்னார். கூடத்தில் மாமா சர்க்கரை அச்சை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பெரியம்மா, தானே கூட்டிப்போவதாகச் சொல்லி நாள் கடத்தப் பார்த்தாள். நாள் நல்லதில்லை என்றாள், வயிறு சரியில்லை என்றாள். ரேஷன் கடையில் சீமெண்ணெய்க்கு வரிசை நின்ற ஒரு காலையில் அவள் கேனோடு போயிருந்தாள். மாமா ஆட்டோவைக் கூப்பிட்டார். "கெளம்பு கண்ணு, அஞ்சு நிமிசத்துல வந்துடலாம். ரேடியோவும் வரட்டும், பொட்டப்புள்ளைக்கு தொணை வேணும்ல" என்றார். அக்கா, அம்மா வரட்டும் மாமா என்றாள். அம்மாவுக்கு ஏன் அலைச்சல் என்றார். ஆட்டோ ரேஷன் கடைத் தெரு வழியாகத்தான் போனது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள். வரிசை கடைக்குப் பின்பக்கம் திரும்பியிருந்தது.

அல்சூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் மாமாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் எனக்கு ஒரு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தார்.

"ஒண்ணும் பயப்படவேணாம். பொண்ணுக்கு எல்லாம் நார்மல். ரெண்டு வருஷத்துக்கு மேலயே மாசாமாசம் சரியா வருது. உங்களுக்கு யாரு சும்னே இப்படி பயம் காட்டினது?"

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மாமா எழுந்து நின்றார். "ரொம்ப தேங்க்ஸ் டாக்டர். மனசு லேசாயிடுச்சு" என்றார். கோபமே இல்லை. திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி, எங்கள் இருவருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். மேலே குங்குமப்பூவெல்லாம் போட்டிருந்தது. அக்கா கிளாஸைத் தொடவே இல்லை. "குடி கண்ணு" என்றார் மாமா. அவள் குனிந்துகொண்டே இருந்தாள். வீணாகப் போகிறதே என்று அதையும் நானே குடித்தேன்.

வீட்டில் பெரியம்மா சீமெண்ணெய்க் கேனை இறக்கிக்கூட வைக்காமல் வாசலில் நின்றிருந்தாள். மாமா செருப்பைக் கழற்றினார், முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"யக்கா, இந்த ஊர்ல பச்ச ஓல எங்க கெடைக்கும்?"

எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன்தான் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு கட்டவேண்டும், அதில்தான் அவளை உட்காரவைப்பார்கள். பெரியம்மாவுக்குக் கேட்டதும் புரிந்துவிட்டது. அப்போதுதான் கேனைக் கீழே வைத்தாள். பெரியப்பாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று, புரிந்ததும் அடிக்கக் கை ஓங்கினார். மாமாதான் தடுத்தார். "வுடுங்க மச்சான். ரெண்டு வருசம் லேட்டானா இன்னா, மொறை மொறைதானே? ஊருக்கு இன்னைக்குத்தான் ஆச்சுன்னு சொல்லுவோம். யக்கா மானம் நம்ம மானம் இல்லியா?" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று எங்கள் வீட்டு ஆண்கள் மெச்சிக்கொண்டார்கள். நானும் மெச்சினேன்.

குழாயடிக்குப் பக்கத்தில் குச்சு எழுந்தது. மாமா தானே நின்று கட்டினார். இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன ஒன்றுக்கு, அன்றுதான் நடந்தது போல அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றி, நலங்கு வைத்து, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். அவள் ஓலைக்குள் உட்கார்ந்து வெளியே வெறித்துக்கொண்டிருந்தாள். சடங்கு நாளில் என்னுடையதைவிட உசத்தியான பட்டு அவளுக்கு. எனக்கு வயிறெரிந்தது, உண்மையைச் சொல்கிறேன். மிஸ் புது ஷூ ஒரு ஜோடி பரிசாகக் கொண்டுவந்தார். தன் வார்த்தையைக் கேட்டு டாக்டரிடம் காட்டியதால்தான் இந்த நல்லது நடந்தது என்று அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார். "பிராக்டிகலுக்கு மட்டும் கரெக்டா அனுப்பிடுங்க" என்றார். மாமா கைகூப்பி, "ஆவட்டும் மிஸ்" என்றார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் குச்சைப் பிரித்துத் தெருமுனையில் போட்டுக் கொளுத்தினார்கள். அதுவும் வழக்கம்தான். ஓலை காய்ந்திருந்ததால் குப்பென்று பிடித்துக்கொண்டது. தீக்குச்சி கிழித்தவர் மாமா. பெரியம்மா அந்தப் பக்கம் பார்க்கமுடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புகை என்று நினைத்தேன்.

மாசி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் ஆம்பூரில் கல்யாணம். பரீட்சை எழுத அனுப்புவதாகத்தான் பேச்சு. பி.டி. பிராக்டிகல் அன்று எங்களை வரிசையாக நிற்கவைத்து மிஸ் பெயர் கூப்பிட்டார். அக்காவின் பெயர் வந்ததும் யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சு மிஸ்" என்றேன். எப்படி, யாருக்கு, எப்போது என்று கேட்கக் கேட்க, டாக்டரம்மா சொன்னது, பாதாம் பால், பச்சை ஓலை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.  மிஸ் தாலிச் சங்கிலியில் சிக்கியிருந்த விசிலைப் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நானே ஹேளிட்டேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானே சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். என்ன சொன்னார், அதற்கு ஏன் அழவேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வருடத்திலிருந்து மரத்தடியில் யாரும் நிற்கவேண்டாம், முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் உட்காரலாம், தான் அந்தப் பக்கம் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாராம்.

அக்கா பரீட்சைக்கும் வரவில்லை. ஹாலில் எனக்கு முன்னால் அவள் பெஞ்ச் காலியாக இருந்தது. என் அம்மா அதன்பின் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, "எனக்கு எப்பவோ தெரியும்டி. உன் வாய்க்குப் பயந்துதான் எல்லாரும் வாய மூடினோம்" என்றாள். எனக்கு ரோஷமாக வந்தது. நானா சொன்னேன், மிஸ்தானே சொன்னார் என்று வாதாடினேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன்.

என் மகள் இப்போது பத்தாவது. என்னைப் போலவே பி.டி. என்றால் வயிற்றுவலி வந்துவிடும். போன வருடம் அக்காவைப் பார்க்க ஆம்பூர் போயிருந்தேன். மாமா போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன, அதனால் அந்த வீட்டில் இப்போது பேசமுடிகிறது. அக்காவுக்கு இடது முழங்கால் மடங்காது. கல்யாணமான புதிதில் வழுக்கி விழுந்துவிட்டதாக அப்போது சொன்னார்கள், அவளும் அப்படியே சொல்லுவாள். காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், இத்தனை வருடம் கழித்துக் கேட்டேன். வீட்டில் மறைத்தது சரி, பள்ளிக்கூடத்தில் எதற்கு? மற்றவர்கள் மாதிரி மரத்தடியில் நின்றிருந்தால் மிஸ்ஸுக்குச் சந்தேகமே வந்திருக்காதே?

"நீ இருந்தியேடி, ரேடியோ" என்றாள், சிரித்துக்கொண்டே.

அப்புறம் கீரையைப் பார்த்தபடி சொன்னாள். "டாக்டரம்மா கையப் புடிச்சி, சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். வெக்கப்படறேன்னு நெனச்சி கன்னத்தைத் தட்டிட்டுப் போச்சு. மிஸ்ஸும் பாவம், நான் ஓடினதை எதோ பெரிய தெறமைன்னு நெனச்சிது. வெள்ளப் பாவாடைடி. பின்னாடி யாராவது கிட்டத்துல வந்தா தெரிஞ்சிடுமேன்னு பயம். அதான் ஓடினேன்."

ஒரு கீரைக்கட்டை இழுத்து நானும் ஆய ஆரம்பித்தேன். சனிக்கிழமைக் காலைகளில், தெருமுனை தாண்டியதும் "நீ முன்னாடி நட" என்று அவள் சொன்னபோதெல்லாம் திமிர் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோபத்தில் பள்ளிக்கூடம் வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் விடுவிடுவென்று நடப்பேன். அவளுக்கு வேண்டியிருந்ததும் அது மட்டும்தான்.